முற்றத்தில் ஒரு கடல்

அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பொழுதில் என்னைத் தேடி வருவோர் திண்ணையில் காத்திருக்க வேண்டியதில்லை. நேரே கொல்லைக்கு வந்துவிடலாம். அங்கே கிணற்றடிக்கும் முருங்கை மரத்துக்கும் இடையில் ஆறடி நீளமும் நான்கடி அகலமும் இரண்டடி ஆழமும் கொண்ட ஒரு சிறு குளம் உண்டு. அதன் கரையில் குந்தியிருந்து, உதிர்ந்த இலைகளை அரித்தெடுத்துக்கொண்டிருப்பேன். அல்லது சரிந்த கல் ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருப்பேன். செய்ய ஒன்றும் இல்லாத நாளில் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பேன்.

முன்னர் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அண்மையில் காண வந்தார். சற்று நேரம் நின்று பார்த்தவர், "ஹஜ்ரத், தாங்கள் கிதாபு பார்க்கும் நேரமல்லவா இது? இந்த வயதில் இதென்ன சிறுபிள்ளை விளையாட்டு?" என்று பணிவோடுதான் கேட்டார். சிரித்து அனுப்பிவிட்டேன். ஆயினும் கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. விடை தேடப் புகுந்தபோது அது என்னைக் காரைக்குடித் தெருக்களிலிருந்து டமாஸ்கஸ், கிரனாடா, பக்தாது, டில்லி எனப் பல ஊர்களின் முற்றங்களுக்கு இட்டுச் சென்றது. அங்குக் கண்டவற்றையும், என்னளவில் நான் செய்த பிழை ஒன்றையும், வாசக நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஆறில்லா நாட்டின் நீர்

செட்டிநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. சிவகங்கை மாவட்டத்துக்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை உண்டு. அதில் கணிசமான பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களை அந்நீரைக் கொண்டே கழித்தாக வேண்டும். இந்நிலையில் வாழ்ந்த மக்கள் நீரைத் தேக்கும் கலையில் வல்லவராய் இருந்ததில் வியப்பில்லை. பாசனத்துக்குக் கண்மாய், குடிப்பதற்கு ஊருணி, குளிப்பதற்குக் குளம், மாடு கழுவக் குட்டை என ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் தனி ஒழுக்கமும் வகுத்திருந்தனர். ஏந்தல் என்றும் ஊருணி என்றும் முடியும் ஊர்ப்பெயர்கள் இம்மாவட்டத்தில் இன்றும் வழங்குகின்றன. ஊர் உண்ணும் நீரை உடையது ஊருணி. வள்ளுவர் தம் 215-ஆம் குறளில், உலகம் விரும்பப் பிறர்க்கு உதவும் அறிவாளன் கைச்செல்வத்துக்கு உவமை தேடியபோது ஊருணியையே எடுத்துக்கொண்டார்.

இந்நாட்டின் ஊருணிக் கரைகள் பலவும் செம்புறாங்கல்லால் கட்டப்பட்டவை. நீர் வந்து சேர வரத்துக்கால், மிஞ்சியது வெளியேறக் கலிங்கு, இறங்கி முகக்கப் படித்துறை ஆகியவை அமைந்திருக்கும். குடிநீர் ஊருணியில் செருப்புக் காலோடு இறங்குவதில்லை, துணி துவைப்பதில்லை. கலங்கிய நீரைக் குடத்துக்குள் தேத்தாங்கொட்டை உரசித் தெளிய வைத்தனர். எல்லாப் படித்துறைகளும் எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதும் வரலாறே. புகழும்போது அதனை மறைத்தல் நேர்மையாகாது.

ஆனால் ஊருணியின் தொடக்கம் வீட்டுக்குள் இருந்தது என்பதே நாம் ஈண்டு கருதத்தக்கது. நகரத்தார் பெருமக்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1940-கள் வரை எழுப்பிய மாளிகைகளைக் கண்டவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் வியந்து திரும்புவர். முற்றத்தை அண்ணாந்து பார்ப்பவர் சிலரே. நாற்புறத்து ஓட்டுக் கூரைகளும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். பெய்யும் மழை முழுவதும் தகரத் தூம்புகளின் வழியே முற்றத்தில் இறங்கும். முதல் மழை கூரையைக் கழுவிப் போக விட்டு, பின்னர் வருவதை அண்டாக்களிலும் கிடாரங்களிலும் பிடிப்பர். கல் பாவிய முற்றத்திலிருந்து வடிகால் வழியே கிணற்றுக்கும், அங்கு மிஞ்சியது தெருக்கால் வழியே ஊருணிக்கும் செல்லும். கூரை, முற்றம், கிணறு, ஊருணி எனச் சங்கிலிபோல் தொடர்ந்த ஏற்பாடு இது. ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று தமிழக அரசு 2003-ஆம் ஆண்டில் ஆணையிட்டபோது, அதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே அதனைச் சட்டமின்றிச் செய்து முடித்திருந்த ஊர்கள் இவை. ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனம் 2014-ஆம் ஆண்டு முதல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் வைத்திருக்கிறது.

எங்கள் சமுதாயத்தார் வீடுகள் அத்துணைப் பெரியவை அல்ல. எனினும் முற்றம் இருந்தது. மழை இரைந்து வரும் ஓசை கேட்டதும் என் உம்மா ஓட்டுத் தாழ்வாரத்தின் கீழ் அண்டாவை நகர்த்தி வைப்பார்கள். அது நிறையும் ஓசையை வைத்தே மழையின் அளவைச் சொல்வார்கள். அண்டாவைச் சற்று இப்பாலும் அப்பாலும் நகர்த்தி, ஒரு சொட்டும் வெளியே விழாத இடத்தைக் கண்டுபிடித்ததும் அவர்கள் முகத்தில் தோன்றிய நிறைவு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதனை வேலை என்பதா, விளையாட்டு என்பதா?

கிதாபின் முதற்பாடம்

மதரஸாவில் சட்டநூல் ஓதப் புகும் மாணவனுக்கு முதன்முதலில் கற்பிக்கப்படுவது தொழுகையன்று, நோன்பன்று, நீர். எந்த நீர் தூயது, எது அன்று என்று கூறும் தூய்மை பற்றிய இயலோடுதான் ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளிலும் ஹனஃபீ மத்ஹபின் கிதாபுகளிலும் பெரும்பாலானவை தொடங்குகின்றன. பொன்னானியின் ஜைனுத்தீன் மக்தூம் 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'ஃபத்ஹுல் முஈன்' ஓதுவோரும், மர்கீனானீ (இறப்பு ஹிஜ்ரி 593, கி.பி. 1197) எழுதிய 'ஹிதாயா' ஓதுவோரும் இந்த நீரைக் கடந்தே அப்பால் செல்ல வேண்டும்.

ஷாஃபிஈ அறிஞர் 'குல்லத்தைன்' என்று ஓர் அளவு கூறுவர். குல்லா என்பது பெரிய சாடி. இரண்டு சாடி நீர் என்பது பொருள். பக்தாது நிறையில் 500 ராத்தல் எனக் கணக்கிட்டனர்; இன்றைய அளவில் ஏறத்தாழ 200 லிட்டர் எனலாம். அதனை எட்டிய நீரில் அசுத்தம் விழுந்தாலும் நிறமோ சுவையோ மணமோ மாறாதவரை அது தூய நீரே.

ஹனஃபீ அறிஞர் வேறு வழியில் சென்றனர். ஒரு கரையில் அசைத்தால் மறுகரை அசையாத அளவுக்கு விரிந்த குளமே பெருங்குளம் என்றனர். பின்வந்தோர் மக்களுக்கு எளிதாக்கும் பொருட்டுப் பத்து முழத்துக்குப் பத்து முழம் என வரையறுத்தனர். ஆழம் எவ்வளவு? கையால் நீரை அள்ளும்போது அடித்தரை வெளிப்படாதிருந்தால் போதும் என்றனர். மீனும் தவளையும் போன்று நீரிலேயே வாழும் உயிர்கள் அதில் இறந்தால் நீர் கெடுவதில்லை என்றும் எழுதி வைத்தனர்.

இவற்றை நான் இளமையில் மனனம் செய்தேன். உஸ்தாது கேட்டபோது தட்டின்றி ஒப்பித்தேன். ஆயினும் ஒரு முறையேனும் குளக்கரையில் அமர்ந்து ஓரத்து நீரை அசைத்து மறுகரையைப் பார்த்தேனா என்றால், இல்லை. இவ்விதிகளை வகுத்த பெரியார்கள் பார்த்திருக்கிறார்கள். அலை எங்கே ஓய்கிறது என்றும், அள்ளும் கை அடிமண்ணைத் தொடுகிறதா என்றும் குந்தியிருந்து நோக்கியவர்களுக்கன்றி இத்தகைய சொற்கள் வாய்க்கா. என் குளத்தை இன்று அளந்து பார்க்கிறேன். ஏறத்தாழ 1,350 லிட்டர் நீர் கொள்ளும். ஷாஃபிஈ கணக்கில் ஆறு மடங்குக்கு மேல் பெருநீர். பரப்போ 24 சதுர அடி. பத்துக்குப் பத்து முழமாகிய 225 சதுர அடியில் ஒன்பதில் ஒரு பங்குதான். ஹனஃபீ கணக்கில் சிறுநீர்நிலை. கொல்லையில் உள்ள ஒரே குளம் இரண்டு மத்ஹபுகளில் இரண்டு நிலை பெறுவதை எண்ணிப் பல மாலைகளில் தனியே சிரித்ததுண்டு.

திமிஷ்கின் 'பஹ்ரா'

பள்ளிவாசல் தடாகத்தை நாம் 'ஹவுளு' என்கிறோம். 'ஹவ்ள்' என்னும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம் இது. மறுமையில் நாயகம் (ஸல்) அவர்களுக்கு வாக்களிக்கப்பட்ட தடாகமும் இச்சொல்லாலேயே குறிக்கப்படுகிறது. பாரசீகத்திலும் டில்லியிலும் அது 'ஹவுஸ்' ஆயிற்று. ஈரான் நாட்டு வீடுகளின் முற்றத்தில் 'ஹவுஸ்' அமைத்துச் செம்மீன் விடுவது நெடுநாள் வழக்கம்.

டமாஸ்கஸ் மக்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். அவர்கள் தம் வீட்டு முற்றத்து நீர்த்தொட்டிக்கு 'பஹ்ரா' என்று பெயரிட்டனர். கடலைக் குறிக்கும் 'பஹ்ர்' என்னும் சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது அது. நாலு முழத் தொட்டிக்கு எத்துணைப் பெரிய பெயர்! பரதா ஆற்றிலிருந்து பிரிந்த கால்வாய்கள் அந்நகரின் தெருக்களுக்கு அடியில் கிளை பரப்பி வீடுதோறும் நீர் கொணர்ந்தன. ஒரு வீட்டின் பங்கு மற்றவர் பங்கைக் குறைக்காதவாறு பிரிப்புத் தொட்டிகள் இருந்தன. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆளுநர் அஸ்அத் பாஷா அல்அழ்ம் கட்டிய மாளிகையின் முற்றத்திலும் நீர்த்தடாகம் உண்டு. செல்வர் வீட்டில் சலவைக்கல்லால் அமைந்தது எளியவர் வீட்டில் சாதாரணக் கல்லால் அமைந்தது. தெருவில் வெயிலும் புழுதியும். கதவைத் திறந்து உள்ளே சென்றால் ஒரு சிறு கடல்.

மேற்கே அந்தலூசியாவில் இக்கலை உச்சம் தொட்டது. ஹிஜ்ரி 325-ல் (கி.பி. 936) மூன்றாம் அப்துர் ரஹ்மான் குர்துபா அருகே மதீனத்துஸ் ஸஹ்ரா நகரைத் தொடங்கினார், அதில் தோட்டங்களுக்கிடையே நீர்த்தடாகங்கள் அமைந்தன. கி.பி. 14-ஆம் நூற்றாண்டில் கிரனாடாவின் அல்ஹம்ரா மாளிகையில் அமைந்த தடாகம் ஒன்று இன்றும் நீரோடு விளங்குகிறது. ஏறத்தாழ 34 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்டது. இருபுறமும் நறுமணச் செடிவேலி. இரு முனைகளிலும் தரையோடு தரையாய் வட்டமான சிறு தொட்டிகள் உள்ளன. ஊற்று நேரே தடாகத்தில் விழுவதில்லை. முதலில் அந்த வட்டத் தொட்டியில் எழுந்து, தன் துள்ளல் அடங்கி, சிறு வாய்க்கால் வழியே நழுவித் தடாகத்தை அடைகிறது. ஆகவே நீர் இடைவிடாது வந்துகொண்டிருக்கும்போதே தடாகத்தின் மேற்பரப்பு கண்ணாடிபோல் நிற்கிறது. மாளிகையின் கோபுரம் அதில் கலையாமல் தெரிகிறது. இதனை ஒரே நாளில் வரைபடத்தில் போட்டுவிட இயலுமா? யாரோ ஒருவர் கல்லை விரலளவு உயர்த்தியும் தாழ்த்தியும் பலநாள் பார்த்திருக்க வேண்டும். ஓட்டடியில் அண்டாவை நகர்த்திய என் உம்மாவின் நினைவுதான் எனக்கு வந்தது.

அதே நாட்டில், செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் 12-ஆம் நூற்றாண்டில் வேளாண்மை பற்றிய பெருநூல் ஒன்றை எழுதினார். அல்மேரியாவின் இப்னு லுயூன் 1348-ஆம் ஆண்டில் பயிர்த்தொழிலைப் பாட்டாகவே இயற்றினார். வீடும் தோட்டமும் அமைக்கும் முறையைக் கூறுமிடத்தில், கிணறும் தடாகமும் மேட்டில் அமையவேண்டும், அருகே என்றும் பசிய மரங்கள் நிற்கவேண்டும் என்று அவர் அறிவுறுத்துகிறார். குளம் வெட்டுவது கற்றறிந்தோர் எழுதத்தக்க பொருளன்று என அவர்கள் கருதவில்லை.

விளையாட்டாய் வளர்ந்த அறிவு

இன்னும் வியப்பானது பக்தாதின் மூன்று சகோதரர் செய்தி. முஹம்மது, அஹ்மது, ஹஸன் என்னும் மூவரும் 'பனூ மூஸா' எனப்பட்டனர். வானியலிலும் கணிதத்திலும் தேர்ந்த இவர்கள் கி.பி. 850-ஐ ஒட்டி 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலை எழுதினர். ஏறத்தாழ நூறு பொறிகளை அது விளக்குகிறது. அவற்றுள் சில நீரூற்றுகள். ஒரு பொழுது அல்லி மலர்போல் விரியும் நீர், மறுபொழுது ஈட்டிபோல் உயரும். தானே வடிவம் மாறும்.

மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர், தியார்பக்கிரை ஆண்ட அர்த்துகீ மன்னரிடம் பணியாற்றிய அல்ஜஸரீ, 1206-ஆம் ஆண்டில் தம் நூலை நிறைவு செய்தார். உளூச் செய்யும்போது ஏவலர் நீர் ஊற்றுவதை விரும்பாத மன்னர் கேட்டுக்கொண்டதால், தானே நீர் வார்க்கும் பாத்திரம் ஒன்றை அவர் அமைத்தார். நீரூற்றுகளைப் பற்றி எழுதும்போது பனூ மூஸாவின் அமைப்பில் ஒரு குறை கண்டார். வடிவம் மாறும் கால இடைவெளி மிகக் குறுகியது. பார்ப்பவர் கண் அதனை உணர்வதற்குள் மாறிவிடுகிறது என்றார். நிறைந்ததும் தானே கவிழும் வாளிகளை வைத்து அந்த இடைவெளியை நீட்டினார். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தையவர் செய்த ஊற்று 'சற்று அவசரப்படுகிறது' என்று கவலைப்பட்டு ஒரு பெரும் பொறியாளர் அதனைத் திருத்தியிருக்கிறார்! அவ்வூற்று எந்த வயலுக்கும் பாய்வதன்று. கண்ணுக்கு இனிமை தருவதே அதன் பயன். ஆனால் அந்த இனிமையை நாடிச் செய்த சோதனைகளில் வளர்ந்த அதே கைத்திறன்தான், அவர் நூலின் பிற்பகுதியில் தாழ்ந்த நீரை மேலேற்றும் இறைவைப் பொறிகளாகவும் பயன் தந்தது.

தமிழகத்துக்கும் இத்தகைய இன்பம் புதிதன்று. அரசரின் சோலையில் பொறியால் நீர் நிறைத்து வடிக்கும் வாவியைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர். மணிமேகலை அரண்மனைத் தோட்டத்து எந்திரக் கிணற்றைக் குறிப்பிடுகிறது.

டில்லிக்கு வருவோம். அலாவுத்தீன் கில்ஜி தம் சீரி நகரின் நீர்த் தேவைக்காக 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பெருந்தடாகம் வெட்டினார். சில பத்தாண்டுகளில் அது தூர்ந்துவிட்டது, வரத்துக்கால்கள் அடைபட்டன. ஃபிரோஸ் ஷா துக்ளக் (1351-1388) தூர் வாரி, அடைப்புகளைத் திறந்து அதற்கு மறுவாழ்வு தந்தார். அதன் கரையில் அவர் எழுப்பியது எது? கோட்டையன்று, ஒரு மதரஸா. 1352-ஐ ஒட்டி எழுந்த அம்மதரஸாவின் மாடங்கள் தடாகத்தை நோக்கித் திறந்திருந்தன. இன்று 'ஹவுஸ் காஸ்' என வழங்கும் இடம் அதுவே. அங்கு ஓதிய மாணவர் நீர் பற்றிய இயலைப் படிக்கும்போது கிதாபிலிருந்து கண்ணை உயர்த்தினால் போதும். பாடம் எதிரே விரிந்து கிடந்திருக்கும். எங்களுக்கு அது வாய்க்கவில்லை.

முகலாயர் ஆட்சியை நிறுவிய பாபரும் குளத்தில் கைவைக்காமல் இருக்க முடியாதவர். இந்நாட்டில் ஓடும் நீரோடு கூடிய தோட்டங்கள் இல்லையே எனக் குறைபட்டவர், தாமே அவற்றை அமைக்கத் தொடங்கினார். 1527-ஐ அடுத்துத் தோல்பூரில் இயற்கைப் பாறையையே குடைந்து தாமரை வடிவில் நீர்த்தொட்டிகள் செய்வித்தார். 1530-ல் அவர் இறந்தார். தோட்டமும் காலப்போக்கில் மறைந்தது. 1978-ஆம் ஆண்டில் எலிசபெத் மொய்னிஹான் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பாபரின் தன்வரலாற்றுக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு ஜோர் என்னும் சிற்றூரில் அத்தொட்டிகளைக் கண்டறிந்தார். தோட்டத்தின் பெயர் 'பாகே நீலூஃபர்'. நீலூஃபர் என்பது நம் நாட்டு நீலோற்பலம் என்னும் சொல் பாரசீகம் சென்று உருமாறியது. இங்கிருந்து போன மலர்ப்பெயர், பாபரோடு திரும்பி வந்து பாறையில் பூத்தது.

நான் உயர்த்திய கை

இனி என் பிழையைக் கூறுகிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய ஓர் ஊரின் பள்ளிவாசலில் ஹவுளை மூடிவிடுவது பற்றிக் கூட்டம் நடந்தது. பாசி வழுக்குகிறது, கொசு பெருகுகிறது, குழாய் வைத்தால் இடம் மிச்சம் என்றனர். எல்லாம் உண்மைபோலவே இருந்தன. மார்க்கத் தடை ஏதும் உண்டா என்று என்னைக் கேட்டார்கள். தடை இல்லை என்றேன், அதுவும் உண்மையே. கை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். மாதம் ஒன்று கடப்பதற்குள் ஹவுளின் மேல் கான்கிரீட் தளம் போடப்பட்டுக் குழாய் வரிசை எழுந்தது.

கொசுவைப் பற்றிய அச்சம் வெறும் சாக்கன்று. மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதற்கான முதற் சான்றை ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்திராபாத்தில் கண்டார். அன்று முதல் தேங்கிய நீர் அனைத்தையும் மனிதன் ஐயத்தோடு நோக்கலானான். ஆனால் எங்கள் ஹவுளில் முன்னர் மீன்கள் இருந்தன. உளூச் செய்யும் சிறுவர்களின் விரலை அவை வந்து முட்டும். கொசுப்புழுவை அவையே தின்றுவிடும். பொறுப்பாய்ப் பார்த்துவந்த முதியவர் மறைந்த பின், ஹவுளை முற்றிலும் வடித்துக் கழுவியபோது மீன்கள் போயின. திரும்ப விடுவார் இல்லை. அதற்குப் பிறகே கொசு வந்தது. பழுது ஹவுளில் இருக்கவில்லை. அதனை ஆசையோடு பார்ப்பவர் இல்லாமற்போனதே பழுது. கூட்டத்தில் இதனைச் சொல்லும் அறிவு எனக்கு அன்று இல்லை. இரண்டு குல்லா அளவை மனப்பாடமாய் அறிந்திருந்தேன், அவ்வளவே.

குழாய் வந்தபின் நேர்ந்தது வேறு. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில், அதாவது இரு கைகளைச் சேர்த்து ஏந்தும் அளவு நீரில், உளூச் செய்ததாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஹவுளில் அள்ளுபவனுக்கு நீரின் மட்டம் கண்முன் தெரியும்; சிந்தியதும் வாய்க்கால் வழியே போவது தெரியும். குழாயடியில் திறந்துவிட்டவாறே பேசிக்கொண்டிருப்பவர்க்கு எதுவும் தெரிவதில்லை. ஊருணிக்கும் இதுவே நேர்ந்தது. வீட்டுக்குள் குழாய் வந்த நாளில் முற்றத்து அண்டா பரண் ஏறியது. அண்டா போனதும் வடிகால் அடைபட்டது. வடிகால் அடைபட்டதும் வரத்துக்காலில் வீடுகள் எழுந்தன. ஊருணி குப்பைமேடானபோது ஊரில் ஒருவருக்கும் அது இழப்பாகத் தோன்றவில்லை. ஏனெனில் அதற்கு நெடுநாள் முன்னரே அதனோடு கைத்தொடர்பு அறுந்திருந்தது.

கொல்லைக் குளம்

இந்த உறுத்தலோடுதான் கொல்லையில் குளம் வெட்டத் துணிந்தேன். முதல் முயற்சி தோல்வி. சிமெண்டு பூசி, காய்ந்ததும் நீர் நிரப்பி, அன்றே மீன் விட்டேன். மறுநாள் சுபுஹுக்குப் பின் சென்று பார்த்தேன். எல்லாம் செத்து மிதந்தன. "அவசரப்பட்டுட்டீங்க ஹஜ்ரத், புதுச் சிமெண்டு காரம் கக்கும்" என்றார் கொத்தனார். அவர் சொற்படி வாழைத்தண்டைத் துண்டுகளாக்கிப் போட்டு, நாட்கள் கழித்து வடித்து, மீண்டும் நிரப்பி, மீண்டும் வடித்தேன். நான்காம் முறை நீர் நின்றது.

பின்னர் நீர் பச்சையாயிற்று. அடிக்கடி மாற்றினேன், மாற்றுந்தோறும் பச்சையாயிற்று. பொறுத்திருப்பதே மருந்து என்பது பிறகு தெரிந்தது. அல்லிக் கிழங்கு ஒன்றை நட்டேன். அதன் இலைகள் பரப்பில் பாதிக்குமேல் மூடி வெயிலை மறித்ததும் பாசி தானே குறைந்தது. மீனின் கழிவை நஞ்சற்றதாக மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேறச் சில வாரங்கள் வேண்டும். செடியின் வேர் அதனை உரமாய் உண்ணும். நீரை அடிக்கடி மாற்றிய நான் அந்த நுண்ணுயிர்களை ஒவ்வொரு முறையும் வெளியேற்றிக்கொண்டிருந்தேன்! இன்று ஆவியாகிக் குறைந்ததை ஈடு செய்வதோடு சரி.

கப்பி மீன்கள் கொசுப்புழுவைத் துப்புரவாக்குகின்றன. தென்னமெரிக்காவின் வடகரையைச் சேர்ந்த இம்மீனுக்கு, டிரினிடாடிலிருந்து 1866-ல் அதனை இலண்டனுக்கு அனுப்பிய கப்பி என்பாரின் பெயர் நிலைத்தது. இதனை வீட்டுத் தொட்டியோடு நிறுத்திக்கொள்வது நன்று. ஊருணியில் விட்டால் நாட்டு மீன்களை நெருக்கும். மீனுள்ள குளத்தைவிட, கொல்லையில் கவிழ்க்காமல் கிடக்கும் சிரட்டையும் பழைய டயருமே டெங்குக் கொசுவுக்கு உகந்த இடம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் குளத்தின் மேல் இரும்பு வலை இடுதல் கட்டாயம்.

விடுமுறைக்கு வந்த மகள் வயிற்றுப் பேரன் ஒரு காலையில் கேட்டான்: "நன்னா, தண்ணி நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும்?" நிறம் பார், மோந்து பார் என்றேன். சொல்லி முடிக்கும்போதே, நாற்பது ஆண்டுகளுக்கு முன் உஸ்தாதிடம் ஒப்பித்த நிறமும் சுவையும் மணமும் என் வாயில் வந்துவிட்டதை உணர்ந்தேன். மனப்பாடமாய்க் கிடந்த பாடம் அன்றுதான் எனக்குப் பாடமாயிற்று. அவன் கரையில் குப்புறப் படுத்து, ஓரத்து நீரை ஒரு விரலால் அசைத்து, எதிர்க்கரையில் அல்லி இலை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அதனை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மாணவரின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். ஆம், தம்பி, இது விளையாட்டுத்தான். மனத்துக்கு ஓய்வு தருவதும் உண்மையே. ஓதிக் கொடுத்துக் களைத்த தலை, நீரின் அருகே கால்மணி நேரம் அமர்ந்தால் தெளிந்துவிடுகிறது. ஆனால் அல்ஜஸரீயும், அல்ஹம்ராவின் கல்தச்சரும், பெயரறியாச் செட்டிநாட்டுக் கொத்தனாரும், என் உம்மாவும் விளையாடியது இதே விளையாட்டை. இன்பத்தோடு பார்த்தவர்கள் இருந்தவரை நீர்நிலைகள் இருந்தன. கடமைக்காக மட்டும் பார்க்கத் தொடங்கியபோது அவற்றை மூட ஒரு கூட்டம் போதுமானதாயிற்று.

சென்ற ஐப்பசியில் என் வீட்டுத் தாழ்வாரத்துத் தூம்பைக் குளத்தோடு இணைத்தேன். குளம் நிறைந்து வழிவது கிணற்றுக்குப் போகிறது. கிணற்றில் மிஞ்சினால் ஊருணிக்குப் போக வழி இல்லை. இடையில் வீடுகள் உள்ளன. அதற்கு என்னால் ஆவது ஒன்றுமில்லை. எனினும் அந்தப் பள்ளிவாசலில் ஹவுளை மண்ணிட்டு நிரப்பவில்லை. தளம் மட்டுமே போட்டிருக்கிறார்கள். அவ்வூர் ஜமாஅத்தார் என்னை மறக்கவில்லை. இவ்வாண்டும் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள். போவதாக இருக்கிறேன். அங்கே மறுபடியும் கை உயர்த்துவேன், இன்ஷா அல்லாஹ், இம்முறை திறப்பதற்காக. மீன் என் வீட்டில் இருக்கிறது.